தொட்டிக்கு வைத்த கேமரா

தெருவில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். முப்பத்து நாலு வருஷம் லிப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி, ஓர் அலுவலகக் கட்டடத்தின் வரவேற்பறையில் வேண்டாமென்று கழித்துப்போட்ட ஆறடிக் கண்ணாடித் தொட்டியை நாலு ஆள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அதற்கே போயிற்று. உப்புத் தண்ணீர், பாறை, பவளம், பத்தொன்பது கடல் மீன்.

மீன் வளர்ப்பது பெரிய காரியமில்லை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்வதுதான் காரியம் என்பார். அதற்கு அவரிடம் ஒரு சட்டமே இருந்தது. பயந்தவன் முதலில் உள்ளே போகவேண்டும். அவன் ஒரு பொந்தைப் பிடித்துக் குடியேறிய பிறகுதான் முரடன். ஒரே உடல்வாகுள்ள இரண்டை ஒருநாளும் சேர்க்கக் கூடாது. புதுசு வரும் அன்று மேலாகக் கிடக்கும் சில பாறைகளை இடம் மாற்றிவிடுவார். பழையதுகளுக்குத் தங்கள் எல்லை எதுவென்றே குழம்பிவிடும். வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டிவைப்பார். முரடன் தன் முகத்தோடு தானே இரண்டு நாள் மல்லுக்கட்டி ஓய்வதற்குள் புதுசு தேறிவிடும். ஒன்பது வருஷத்தில் அவர் தொட்டியில் அடிபட்டுச் செத்த மீன் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவார்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து, கூடவே ஞாபகமும் போன பிறகு, அவளுடைய நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டார். மீன் நகர்ந்தால் அவள் கண்ணும் நகரும். அது போதும் என்றிருந்தது அவருக்கு.

பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது, அகலமான தோள், நாலு வீடு தாண்டிக் கேட்கும் தொண்டை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வெங்கலம் என்று பெயர் வைத்தார்.

"அம்மா! வாயத் திறங்க! முழுங்குங்க! அதான்! ராணி மாதிரி சாப்பிடறீங்க!"

"ஏம்மா, அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. மெதுவாப் பேசக்கூடாதா?"

"மெதுவாப் பேசினா தூங்கிடறாங்க சார். நீங்க பேசிப் பாருங்களேன், குறட்டையே வரும்."

வந்த முதல் வாரமே அவள் இவரைத் திருத்தப் பார்த்தாள். "கையப் பிடிச்சு இழுக்காதீங்க சார். முதுகுக்குப் பின்னால கை குடுங்க. மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும், அப்புறம் அவங்களே எழுந்துக்குவாங்க."

"முப்பத்து நாலு வருஷம் லிப்ட ஏத்தி இறக்கினவன் நான். எனக்கு ஒரு ஆளத் தூக்கத் தெரியாதா?"

"லிப்டுக்கு வலிக்காது சார்" என்றாள் அவள். அவருக்கு அது பிடிக்கவில்லை. தொட்டியைப் பற்றிக்கூட அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "இந்தக் கோடு போட்ட பொடியன்தான் சார் போக்கிரி" என்று விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார்.

மூன்றாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் அம்மாவின் சட்டையை மாற்றும்போது மேல்கையில் கன்றிப்போன நாலு திட்டுகளைப் பார்த்தாள். வரிசையாக, விரல் விரலாக. வயசான தோல் அப்படித்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிட்டால், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே போதும். ஆனால் அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். லிப்ட்காரருக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய தொண்டை இருக்கிறவளுக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். மறுநாளே வெங்கலத்தை நிறுத்தினார். நிறுத்தியதோடு விடாமல், நோயாளி மேல் கை வைக்கிறாள் என்று ஏஜென்சிக்குக் கடிதமும் எழுதினார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க பாத்தீங்களா சார், நான் அடிச்சத?"

"பாத்தாத்தானா?"

அன்றைக்கு அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் லிப்ட்காரர். பார்த்துக்கொள்ளவும் செய்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது, ஒன்றிலும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஐந்து வாரம் கழித்து மகள் மறுபடி நீலத்தைப் பார்த்தாள், இந்த முறை இரண்டு கையிலும்.

"இப்ப யார்ப்பா? அந்தம்மா போயாச்சே."

"நாற்காலிக் கை இடிக்குது. மாத்திரை வேற. தொட்டாலே கன்னிப்போகுது."

மகள் கணக்கு டீச்சர். பதில் சரியாக வராவிட்டால் தெரிந்துவிடும். "அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை நான் இப்படிப் பாத்தேன்னா, அம்மாவ ஹோம்ல சேத்துடுவேன். இடம் பேசி வெச்சிருக்கேன்."

"நாப்பத்தோரு வருஷம் என்கூட இருந்தவள..."

"அதான் சொல்றேன். பத்திரமா வெச்சுக்கோங்க."

நாற்காலியின் கைப்பிடி இரண்டிலும் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினார். கட்டிலின் கம்பிக்கும் சுற்றினார். ஒரு மூலையையும் விட்டுவைக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தொட்டியிலும் வினை வந்தது. வால் சிவந்த சாது மீன் ஒன்றுக்குத் துடுப்பு கிழிந்திருந்தது. இரண்டு நாளில் இன்னொன்றுக்கும். சந்தேகம் மஞ்சள் மீன் மேல் விழுந்தது. உள்ளங்கை அகலம், வாலடியில் கத்தி மாதிரி முள், எல்லோரையும் விரட்டிக்கொண்டே சுற்றுவது. அதற்கு மேனேஜர் என்று பெயர். அவ்வளவு பெரிய மீனைப் பிடித்து வெளியேற்றுவதென்றால் பாறை மொத்தத்தையும் கலைக்க வேண்டும். வளர்ந்த பவளம் உடையும். அதனால் முதலில் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆள் கிட்டப் போய் நின்றால் மீன்களெல்லாம் சண்டையை விட்டுத் தீனிக்குக் கண்ணாடியோரம் வந்துவிடும், பரம சாதுவாக. ஆகவே பழைய போனைச் செருப்பு அலமாரியின் மேல் சாய்த்து வீடியோவை ஓடவிட்டு, மதியம் இரண்டு மணி நேரம் உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டார். தொட்டி முழுதும் படத்தில் வந்தது. ஓரத்தில் மனைவியின் நாற்காலியும் வந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தார். மேனேஜர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். பாறை இடுக்கிலிருந்து கோடு போட்ட பொடியன் வந்தான், சிவப்பு வாலைக் கொத்தினான், மறைந்தான். மறுபடி வந்தான். பதினோரு தடவை எண்ணினார். "மாட்டினியா திருட்டுப் பயலே!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் வீடியோவை நிறுத்த மறந்துபோனார்.

படத்தில் ஒரு கிழவர் வந்தார். குனியவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை தொட்டியிலேயே இருந்தது, வாய் மீனைப் பற்றி ஏதோ பேசியது. வலது கை மட்டும் போய் அவள் மேல்கையைப் பற்றி, ஒரே இழுப்பாக இழுத்து நிறுத்தியது, இறுகிய போல்ட்டைத் திருப்புகிற மாதிரி. அவள் முகம் கோணியது.

"வலிக்குது" என்றாள்.

அவள் பேச்சே நின்றுபோயிற்று என்றல்லவா அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்? பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். "வலிக்குது." சத்தத்தைக் கூட்டிப் போட்டார். அதேதான்.

எழுந்து போய் அவள் சட்டைக் கையைச் சுருட்டினார். நாலு திட்டு. தன் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை வெங்கலத்துக்குப் போன் செய்தார்.

"திரும்ப வாம்மா. தப்பு என்னுதுதான்."

"நான் ஒரு ஆஸ்பத்திரில துணி தோய்க்கறேன் சார். நீங்க எழுதின கடிதாசிக்கு அப்புறம் எந்த வீட்டுக்கும் என்ன அனுப்பல."

"நான் மாத்தி எழுதித் தரேன்."

"எழுதுங்க. எழுத வேண்டியதுதான். ஆனா நான் வரமாட்டேன்." பிறகு, கேட்காமல் இருக்க முடியாதவள் போல, "அம்மா சாப்பிடறாங்களா?" என்றாள். இவர் பதில் சொல்வதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போன் வைக்கப்பட்டது.

கடிதம் எழுதினார். ஏஜென்சியிலிருந்து பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நாற்காலிக் கை என்று சொல்லியிருக்கலாம், மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். அவர் போனை அவள் கையில் கொடுத்தார். அவள் கடைசிவரை பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாமத்தான் செஞ்சீங்க, சரி" என்றாள். "அந்தம்மா உங்ககிட்ட எப்படித் தூக்கணும்னு சொல்லவே இல்லையா?"

"சொன்னா."

"எப்ப?"

"முதல் வாரமே."

மகள் அலமாரியைத் திறந்தாள். அம்மாவின் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். "நான் கத்துக்கறேம்மா, இப்பவே கத்துக்கறேன்" என்று பின்னாலேயே நடந்தார். அவள் நிமிராமல், "இனிமே யார் மேலப்பா கத்துக்கப் போறீங்க?" என்றாள்.

அந்த வாரமே பொடியனைப் பாட்டிலில் தீனி வைத்துப் பிடித்துக் கடையில் கொடுத்துவிட்டார். அரை மணி நேர வேலை. கிழிந்த துடுப்புகள் வளர்ந்துவிட்டன. தொட்டி இப்போது அப்படி ஓர் அமைதி. எதிரே உட்கார ஆள் இல்லை.

ஹோமில் சேர்க்கும்போது, உடம்பில் காயம் இருந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. "கணவர் தூக்கியதால்" என்று மகள் எழுதினாள். அவர்தான் கையெழுத்துப் போட்டார். அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள். முதல் நாளே பக்குவமாகச் சொன்னார்கள்: "தினமும் வாங்க ஐயா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. ஆனா நீங்க தூக்க வேணாம். மணி அடிங்க, நாங்க வரோம்."

தினமும் போகிறார். பக்கத்தில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். நாலு மணிக்கு அவள் எழுந்திருக்க நினைத்துக் கையை அவர் பக்கம் நீட்டுகிறாள். அவர் மணியை அடிக்கிறார். ஆள் வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. நீட்டிய கை அதுவரை அப்படியே நிற்கிறது.