சோளக்காட்டுச் சாட்சி

அசெசராக வரச் சொல்லிக் கோர்ட்டுச் சம்மன் வந்த நாளிலிருந்தே வெள்ளியங்கிரிக் கவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை. அசெசர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கைக் கேட்டுவிட்டு, கூண்டில் நிற்பவன் குற்றவாளியா இல்லையா என்று ஜட்ஜிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜட்ஜ் அதை ஏற்றாலும் ஏற்கலாம், தள்ளினாலும் தள்ளலாம்.

பண்ணையாள் கருப்பண்ணன் மாசி மாதத்தில் ஊருக்கே ஜமீன்போல இருந்த மிட்டாதாரின் சோளத்தட்டுப் போருக்குத் தீ வைத்தான் என்பது வழக்கு. வெள்ளியங்கிரியின் மூன்று ஏக்கர் நெல்லுக்குத் தண்ணீர் அதே மிட்டாதாரின் மதகில்தான் வர வேண்டும். சோறு எப்படி இறங்கும்?

கைலாசம் என்ற சாட்சி, பக்கத்துக் காட்டில் நின்ற சோளப்பயிருக்குள் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னான். வெள்ளியங்கிரிக்குச் சுருக்கென்றது. தையிலேயே அறுத்த அந்தக் காட்டுத் தட்டுத்தான் எரிந்தது என்று மிட்டா காரியஸ்தர் சென்னியப்பன் முன்பே சாட்சிக் கூண்டில் சொல்லியிருந்தார். அப்புறம் மாசியில் பயிர் ஏது? பட்டணத்து வக்கீல்களுக்கு அது உறைக்கவே இல்லை.

சாயங்காலம் கோர்ட் வாசலில் சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்குக் குத்தவாளின்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. மதகுத் தண்ணி பாட்டுக்கு ஓடுமுங்க."

மறுநாள் காலையில் வெள்ளியங்கிரி மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். வெள்ளை அரளி வந்தால் நிரபராதி, சிவப்பு வந்தால் குற்றவாளி. பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு! அம்மாவே சொல்லிவிட்டாள், பழி இனி நம் தலையில் இல்லை என்று மனசு லேசாயிற்று. அப்படி லேசானதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

கோர்ட்டில் முதல் அசெசர் குற்றவாளி என்று சொல்லி உட்கார்ந்தார். வெள்ளியங்கிரி எழுந்தார்.

"குத்தவாளிங்க, சாமி. பூவு செவப்பு வந்துச்சுங்க."

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அது பூ சொன்னது. நீங்கள் இங்கே கேட்டதை வைத்துச் சொல்லுங்கள். வெளியே யார் என்ன சொல்லியிருந்தாலும் அது எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்."

கருப்பண்ணன் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பனும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையில அறுத்த சோளத்துக்குள்ள மாசியில எப்படிங்க சாமி ஒளிய முடியும்?" என்றார் வெள்ளியங்கிரி.

ஜட்ஜ் கைலாசத்தின் வாக்குமூலத்தைத் திரும்பப் புரட்டினார். மத்தியானம் கருப்பண்ணனுக்கு விடுதலை.

எட்டாம் நாள் மதகு அடைபட்டது. வயல் வெடிக்கத் தொடங்கியதும் வெள்ளியங்கிரியின் மனைவி ராமாயி மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாம் புள்ள. நெலத்துப் பத்திரத்த எடு. தண்ணிக்கு வழக்குப் போட முன்சீப் கோர்ட்டுக்குப் போயிட்டு வாரேன்."

தலைப்பாகையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.