பத்தாவது கட்டத்தின் நிறம்

அடுத்தவர் வாசலில் நின்று "உங்க வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை, நாய்க்கும் மழைக்கும் ஒரே நேரத்தில் பயப்பட வேண்டிய வேலை. கையில் கணக்கெடுப்புப் போர்மோடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். அப்படி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போனவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

எந்த வருஷம்

வருஷத் தொடக்கத்தில் பதுளையில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. உலக நாடுகள் எல்லாம் கூடிப் பதினேழு இலக்குகள் வைத்திருப்பதாகச் சொல்லி, பதினேழு கட்டம் போட்ட படப் பலகையை, போகிற இடமெல்லாம் விரித்து விளக்கச் சொல்லி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கட்டத்துக்கு ஒரு நிறம். வறுமை, பசி, தண்ணீர் எல்லாம் யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பத்தாவது கட்டம் ரோஸ் நிறம். நாட்டுக்குள்ளேயும் நாடுகளுக்கு இடையிலும் இருக்கிற ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் ஒரே மகள் ஸ்டெல்லா, இலங்கை முழுக்கப் பெற்றோலுக்கு வரிசை நின்ற 2022ல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இரண்டு நாட்டுக்கும் நடுவில் இந்த மேடு பள்ளம் இல்லையென்றால் அவள் ஏன் போகிறாள்?

எழுந்து நின்று, இது எப்போது முடியும் என்று கேட்டேன். பயிற்சி கொடுத்த மிஸ் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "2030ன்னு போட்டிருக்கு அக்கா. போட்டவங்க யாரும் இந்தப் பக்கம் வந்து நான் பாக்கல."

தராசு

ஒரு தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கிற இடத்திலேயே பலகையை விரித்தேன். பெண்கள் சாக்கை இறக்கி வைத்து வரிசையில் நின்றார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பது அங்கே வழக்கம். மூன்று நாள் வெயில் காய்ந்திருந்தாலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. பணக்கார நாடும் ஏழை நாடும் நெருங்கி வருகிறதா என்று வருஷா வருஷம் அளந்து பார்க்கிறார்கள் என்று நான் விளக்கினேன். முன்னால் நின்ற பாக்கியம் அக்கா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அளக்கட்டும். தராசுகிட்ட நிக்கிறது அவங்க ஆளா, நம்ம ஆளா? அத மட்டும் கேட்டுட்டு வா தங்கச்சி."

கேட்டுச் சொல்கிறேன் என்று போர்மின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். யாரிடம் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

கப்பல்

வெலிமடைப் பக்கம் போன அன்று மழை. போர்மெல்லாம் நனைந்துவிடுமே என்ற கவலையில் ஒரு கொட்டிலுக்குள் நுழைந்தேன். உள்ளே ராஜு அண்ணன் விற்காத உருளைக்கிழங்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார். குத்தகை நிலத்தில் கிழங்கு போடுகிறவர். அவர் கிழங்கு தோண்டுகிற நேரம் பார்த்து வெளிநாட்டுக் கிழங்கு வந்து இறங்கியிருந்தது. நான் பலகையை எடுத்ததும் சிரித்துவிட்டார். எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பத்தாவது கட்டத்தில் விரலை வைத்தார். "அவங்க கெழங்கு இங்க வர்றதுக்கு கப்பல் இருக்கு. இது அங்க போறதுக்கும் ஒரு கப்பல் வரட்டும், அப்புறம் இந்தப் படத்த நானே கொட்டில்ல ஒட்டுறேன்."

ஆள் ரெண்டு

சொந்த வீட்டை நாமே எழுதக் கூடாது என்பது எங்கள் வேலையில் சட்டம். அதனால் என் வீட்டுக்கு ஹாலிஎலயிலிருந்து சித்ரா வந்தாள், என்னோடு பயிற்சி எடுத்தவள். எத்தனை பேர் என்றாள். நானும் என் புருஷனும் ஸ்டெல்லாவும், மூன்று என்றேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று எனக்கே சொன்னாள். நான் எத்தனையோ வீட்டில் அப்படி வெட்டிவிட்டு வந்தவள்தான். இருந்தும் அவளை உள்ளே கூட்டிப்போய் ஸ்டெல்லாவின் கட்டிலைக் காட்டினேன். ஆள் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை தோறும் விரிப்பைத் துவைத்துப் போடுகிறேன்.

சித்ரா கட்டிலைப் பார்த்தாள், எழுதவில்லை. புதுக் கூரைத் தகரத்துக்கு ஒரு சரி. மலசலகூடத்துக்கு ஒரு சரி. காஸ் அடுப்புக்கு, பிரிட்ஜுக்கு, ஒன்று விடாமல் சரி போட்டாள். எல்லாம் ஸ்டெல்லா அனுப்பியதில் வந்தவை. கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள். "அக்கா, ஒங்க வீடு நல்லா முன்னேறிடுச்சு. ஆள்தான் ரெண்டு."

வெள்ளிக்கிழமை

ஸ்டெல்லா பேசுவது வெள்ளிக்கிழமைகளில். இந்த டிசம்பரில், நத்தார் பண்டிகையோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும்படி வீட்டுக்காரம்மா கேட்கிறார்களாம். "போதும், வந்துரு" என்று சொல்லிவிட வேண்டும் என்று வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். போன் அடித்ததும் அது வரவில்லை. சாப்பிட்டியா, தலைவலி எப்படி, குளிருக்குப் போர்வை இருக்கா என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பலகையைப் பற்றிச் சொன்னேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதே பதினேழு கட்டமும் வரைந்து வரச் சொன்னார்களாம். பிள்ளை பாதியிலேயே தூங்கிவிட, ரோஸ் கட்டத்துக்கு நிறம் அடித்தது ஸ்டெல்லாதானாம்.

எந்த வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு போட்டிருக்கு என்று கேட்டாள். சொன்னேன். இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது என்று வாய்க்குள் எண்ணினாள். பிறகு, என்னைத் தேற்றுகிற குரலில், "அப்ப இன்னும் ரெண்டு கையெழுத்து போட்டா சரியா இருக்கும்மா" என்றாள்.

மற்றப் பதினாறு இலக்குகளைப் பற்றி நான் எந்த லயத்திலாவது தப்பாக விளக்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பலகையைத் தூக்கினால் என் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு ரோஸ் கட்டம்தான்.