கண்ணாடி அறையைப் பற்றி என் கருத்து

என் கொழுந்தனை எனக்கு முன்னாலும் அவ்வளவாகப் பிடிக்காது. கல்ஃபிலிருந்து லீவில் வந்தால் வீட்டில் யாரையாவது மாட்டிவிட்டுச் சிரிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. போன லீவில் அதற்கென்றே ஒரு வி.ஆர். கருவியைக் கொண்டு வந்திருந்தான். நீச்சல்காரர் கண்ணாடியைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணில் மாட்டிக்கொண்டால் நம் வீட்டு ஹால் மறைந்து வேறொரு இடத்தில் நிற்போம்.

அதில் ஒரு வேடிக்கை விளையாட்டு வைத்திருந்தான். பெரிய மூக்கும் தொப்பையும், தலையில் தொப்பியும் உள்ள பொம்மையாக நாம் மாறி, பலகைக்குப் பலகை தாவி, ஒவ்வோர் அறையிலும் புதிரை அவிழ்த்துக் கதவைத் திறந்து போக வேண்டும். கூடவே பேசும் வாளி ஒன்று வந்து, விழும்போதெல்லாம் நக்கலடிக்கும். டிவியில் இணைத்துவிட்டால் மாட்டியவர் பார்ப்பதை மற்றவர்களும் பார்க்கலாம். கொழுந்தன் ஓர் அறையில் வெகுநாளாகச் சிக்கிக் கிடந்தான். யாராவது திறக்கிறார்களா என்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் தலையிலெல்லாம் வரிசையாக மாட்டிப் பார்த்தான். மாமியாரின் தம்பி குதித்தார். நாத்தனார் மாப்பிள்ளை டான்ஸ் ஆடினார். கதவு அசையவில்லை. பிறகு என்னைப் பிடித்து நிறுத்தினான்.

மங்கிய வெளிச்சம். எதிரே ஆள் உயரக் கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

நான் பிறந்தது இராஜாக்கமங்கலம் பக்கம், அய்யாவழிக் குடும்பத்தில். நிழல்தாங்கல் என்கிற எங்கள் கோயிலில் சிலை கிடையாது. கருவறை இருக்கவேண்டிய பள்ளியறையில் ஒரு கண்ணாடியும் அதன் முன் விளக்கும்தான். கண்ணாடியில் தெரிகிற உனக்குள்ளேயே சாமி இருக்கிறது என்று அர்த்தம். நடை பழகிய நாளிலிருந்து கண்ணாடியும் விளக்கும் சேர்ந்து தெரிந்தால் கும்பிட்டுப் பழகிய உடம்பு இது. விளையாட்டு என்ற நினைப்பே அந்த நேரத்தில் எனக்கு இல்லை. கையில் இருந்த கருவிப் பிடிகளோடு கைகூப்பி, தலை குனிந்து, கண்ணை மூடி, "அய்யா உண்டு" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கொழுந்தன் ஒரு கையில் செல்போனால் வீடியோ எடுத்துக்கொண்டே, இன்னொரு கையால் என் தலையிலிருந்து கருவியை உருவினான்.

"மைனி, தொப்பைப் பொம்மையவா கும்பிட்டிய? சாமி வேணும்னா நம்ம பட்டறையில ஒண்ணு எடுத்துக்கிடுங்க!"

என் புகுந்த வீடு மயிலாடியில். கல்லில் சாமி செதுக்கி ஊர் ஊராக அனுப்புகிற பட்டறை. மாமியாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சோறு போட்டாயிற்று என்று குரல் வந்ததும் கருவியை அணைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். நான்தான் பரிமாறினேன். அவன் இலையிலும் பாயசம் ஊற்றினேன்.

சாயங்காலத்துக்குள் வீடியோ குடும்ப வாட்சப் குழுவுக்குப் போயிற்று. அங்கிருந்து பிள்ளைகள் கைக்கு, பிள்ளைகள் கையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு. எனக்குக் 'கண்ணாடி மைனி' என்று பேர் விழுந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகள், ஞாயிறுதோறும் என்னோடு தாங்கலுக்கு வருகிறவள், அடுத்த ஞாயிறு கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"ஏட்டி, வாறியா இல்லியா?"

"நான் வரல்ல. கிளாஸ்ல எல்லாரும் என்னயக் கண்ணாடின்னு விளிக்காவ."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் தனியாகப் போனேன். என் கணவரிடம் சொன்னதற்கு, "விடு, அவன் வெளையாட்டுக்குச் செஞ்சான்" என்றார். கொழுந்தன் சிரித்த முகத்தோடு விமானம் ஏறிப் போனான். என் வயிற்றெரிச்சல் இங்கேயே தங்கிவிட்டது.

கொழுந்தனைத் திட்ட வழியில்லை, அந்த விளையாட்டையாவது நாலு பேர் பார்க்கத் திட்டி எழுதுவோம் என்று, ஆடியவர்கள் கருத்து எழுதுகிற பக்கத்தைச் செல்போனில் தேடி எடுத்தேன். அங்கே எனக்கு முன்பே ஊர்ப்பட்ட பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம், இந்தி, நடுவில் கொஞ்சம் தமிழ். வாளியின் பேச்சு அருமை, பலகைகள் அருமை, ஆனால் கண்ணாடி அறையைச் செய்தவன் உருப்பட மாட்டான் என்று ஒருவர். கண்ணாடியில் தெரியும் பொம்மை நாம் செய்வது எதையும் திருப்பிச் செய்யாமல் இடுப்பில் கைவைத்து முறைக்கிறது, இது பழுது, பணத்தைத் திருப்பித் தா என்று இன்னொருவர். "கண்ணாடிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தேன். அறைக்குள் வந்த மனைவி ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்" என்று ஒரு பாவப்பட்டவர் எழுதியிருந்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குக் கீழே கொழுந்தனின் கருத்து இருந்தது. அவன் பேர், அவன் படம். 'கண்ணாடி அறை மகா மோசம். ஆனால் என் மைனி அதைச் சாமி என்று கும்பிட்டதைப் பார்த்ததற்கே கொடுத்த காசு வசூலாகிவிட்டது.' முகம் தெரியாத எத்தனையோ பேர் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இவனைச் சும்மா விடக்கூடாது என்று அப்போதுதான் உறுதியாக நினைத்தேன்.

அப்படி என்னதான் செய்துவிட்டேன் என்று, அதுவரை தொடாமல் வைத்திருந்த அந்த வீடியோவைத் திறந்தேன். எல்லோரும் பார்த்தது என்னைத்தான். நான் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் பின்னால் இருந்த டிவியைப் பார்த்தேன். நான் தலை குனிந்ததும், கண்ணாடிக்குள் இருந்த பொம்மை இடுப்பிலிருந்து கையை எடுத்தது. தொப்பியைக் கழற்றியது. என்னைவிடப் பணிவாகக் குனிந்தது. கண்ணாடி மெல்ல ஒருபக்கமாக நகர, அந்தப் பக்கம் வெளிச்சம். அதே நொடியில் கொழுந்தன் கை குறுக்கே வந்து கருவியை உருவியது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள், மறுபடி போடச் சொன்னாள். ஆனால் அந்த ஞாயிறும் அவள் தாங்கலுக்கு வரவில்லை.

நான் அந்தப் பக்கத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, கொழுந்தன் எழுதியதற்குக் கீழேயே என் கருத்தை எழுதினேன். 'இவர் சொல்லும் மைனி நான்தான். இவர் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணாடி எனக்குத் திறந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மை தொப்பியைக் கழற்றும். எப்போது என்று சொல்ல மாட்டேன்.' அதுவரை சிரித்தவர்களெல்லாம் கெஞ்ச ஆரம்பித்தார்கள். அக்கா, மேடம், தாயே என்றெல்லாம் எழுதினார்கள். ஒருவருக்கும் பதில் போடவில்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை கொழுந்தன் கூப்பிட்டான்.

"மைனி, நெசமாவே தெறந்துதா? எப்பிடின்னு சொல்லுங்க. கூட இருக்கியவனுவ எல்லாம் கேக்கானுவ. மானம் போவுது."

"எனக்குப் போனப்ப ஒமக்குத் தெரியலியா தம்பி? மொதல்ல குரூப்புல மன்னிப்புக் கேளும். பொறவு பாப்போம்."

கேட்டான். 'சாரி மைனி' என்று போட்டு, பக்கத்தில் கும்பிடுகிற கை ஒன்றும் வைத்திருந்தான். அந்தக் கும்பிடு எனக்கு இல்லை, கதவுக்கு என்பது எனக்குத் தெரியாதா? உடனே மறுபடி போன் அடித்தான். பதில் அவன் எடுத்த வீடியோவிலேயே இருந்தது, ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தவனுக்குப் பின்னால் இருந்த டிவியைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பாப்போம் என்றுதானே சொன்னேன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்படியானால் பிள்ளையிடம் கொடுங்கள் என்றான்.

எனக்குத் திக்கென்றது. அவளுக்குச் சித்தப்பா என்றால் உயிர். லீவில் வந்தால் சாக்லேட்டும் சென்ட்டும் அவளுக்குத்தான் முதலில். பதில் என்ன என்றும் அவளுக்குத் தெரியும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"மக்கா, நீ சொல்லு. அடுத்த லீவுக்கு ஒனக்கும் ஒரு செட்டு வாங்கிட்டு வாறேன். அம்ம என்ன செஞ்சப்ப தெறந்துது?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தப்பா, அது எங்க சாமி. ஒங்களுக்குத் தெறக்காது."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அய்யாவின் வாசல் யாருக்கும் அடைபடாது, வருகிறவன் எப்பேர்ப்பட்டவனானாலும் உள்ளே விட வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்தது. அவள் சொன்னது சுத்தத் தப்பு. தாங்கலில் யார் காதிலாவது விழுந்திருந்தால் கண்டித்திருப்பார்கள். நான் திருத்தவில்லை.