முளைக்குச்சி இல்லாத படம்

இன்று காலை காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் குருபோங் போனேன். சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன ரப்பர் தோட்டத்தை நம் ஆட்கள் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டிருக்கும் இடம்.

மரம் வெட்டிய செம்மண் ஒரு முக்கோணமாகக் கிடந்தது. அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு பச்சைப் புல். அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. கேமராவின் வண்ண ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

செம்மண்ணின் நடுவே ஒரு முளைக்குச்சி நின்று கண்ணை உறுத்தியது. பிடுங்கிப் புல்லில் போட்டுவிட்டுப் படம் எடுத்தேன்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"அண்ணே, இங்க அடிச்சிருந்த முளைக்குச்சியப் பாத்தீங்களா? நேத்துத்தான் அளந்து அடிச்சாங்க. எங்களுக்கும் பக்கத்து நிலத்து லோட்டுக்காரருக்கும் அதுதான் எல்லை. அதுக்கே எவ்வளவு சண்டை."

குச்சியை எடுத்து வந்தேன். அது இருந்த குழியைக் காணோம். என் செருப்புத் தடங்கள்தான் தெரிந்தன. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் ஊன்றினேன்.

"இங்கதானா அண்ணே?"

"இங்கதான்மா." தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் முகம் தெளிந்தது. என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள். "நல்ல வேள, நீங்க படம் புடிச்சிருக்கீங்க. அவரு சண்டைக்கு வந்தா அதக் காட்டலாம்லா."

படத்தில் குச்சி இல்லை. அதற்காகத்தானே பிடுங்கினேன். அதையும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் புகைப்படச் சங்கத்தில், நிலக்காட்சியில் ஓரங்களைக் கவனிப்பது எப்படி என்று நான் பேசுவதாக இருக்கிறது. எனக்குப் பதிலாக உங்களில் வேறு யாராவது பேசுகிறீர்களா?