துரைசாமி கொடுத்த பாஸ்

வீரபாண்டியிலிருந்து சரக்கு ஏற்ற வந்த டெம்போக்காரர்தான் சொன்னார். "சாயப்பட்டறை துரைசாமியண்ணன் தவறிட்டாருங்க பாய். நெஞ்சுவலியாமா. மத்தியானத்துக்கு மேல எடுக்கறாங்க." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு பனியன் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் கடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போவதா, வேண்டாமா? ஒரு மனிதர் செத்துக் கிடக்கும்போது இப்படியும் ஒரு யோசனை வருமா என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் நான் பக்கத்தில் போனாலே அவர் பெயர் கெடும் என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் அவர் சாயப்பட்டறை மாஸ்டர். எனக்கு அவர் பந்தாட்டக்காரர். எண்பதுகளின் கடைசியில் நகரக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் எங்கள் காதர்பேட்டை கிளப்பும் அவருடைய வீரபாண்டி கிளப்பும் மோதின. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். பனியன் ஊரில் இருந்துகொண்டு ஜெர்சியை வெளியே வாங்கினால் மானம் போய்விடும் என்று இரண்டு பக்கமும் வீம்பு வேறு. நாங்கள் வெள்ளையில் தைத்துக்கொண்டோம். அவர்கள் சொந்தப் பட்டறையில் சிவப்புச் சாயம் போட்டுக்கொண்டார்கள். அங்கே எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம். அதெல்லாம் முடிந்து, ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் ஜெர்சி சாயத்தொட்டிக்குப் போயிருக்கிறது. சாயம் நிற்கும்படி அலசி எடுக்க நேரமில்லை. ஊருக்கெல்லாம் சாயம் போட்டுக் கொடுக்கிறவர்கள் தங்கள் சட்டையில் கோட்டை விட்டார்கள்.

இரண்டாம் பாதியில் பிடித்தது பாருங்கள் மழை! அவர்கள் சிவப்பு ஒழுகி ஓடியது. முட்டி மோதி ஆடியதில் எங்கள் வெள்ளையிலும் அது ஏறியது. கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ரோஸ் கலர். சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆட்டம் முடியப்போகும் நேரம், அவர்கள் கோலுக்குப் பக்கத்தில் பந்து துரைசாமியின் காலில் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். ரோஸ் சட்டையில் நான் நின்றிருந்தேன். தன் ஆள் என்று நினைத்து, அளந்து வைத்த மாதிரி என் காலுக்கு உருட்டிவிட்டார். யோசிக்க எங்கே நேரம்? அடித்தேன். அந்த ஒரே கோலில் கோப்பை எங்களுக்கு வந்தது.

விசில் ஊதியதும் அவரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் சாயத் தண்ணீர் வழிய என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோலு நல்ல கோலுங்க பாய். ஆனா பாஸு அதைய விட நல்ல பாஸுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். தோற்ற வலியில் நின்ற அவருடைய ஆட்கள் அதைப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீரபாண்டி முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது. துரைசாமி விலை போயிட்டான் என்று.

வாய் சும்மா இருக்குமா எனக்கு? மறுநாளே அவர்கள் உட்காரும் டீக்கடைக்குப் போய், "அவருக்கு ஆள் தெரியலை, அவ்வளவுதான்" என்று சத்தம் போட்டேன். அவர்களுடைய கேப்டன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஜெயிச்சவனே வந்து சாட்சி சொல்றானுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். துரைசாமி என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "நீங்க நல்லவருங்க பாய். ஆனா நீங்க பேசப் பேச எனக்குத்தானுங்க கேடு. தப்புப் பண்ணுனா திட்டிப்போட்டு விட்டுருவாங்க. சந்தேகம் வந்தா விடமாட்டாங்க. இனி என்னையக் கண்டா தெரியாத மாதிரி போயிருங்க." அதோடு அவரை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் மறுபடி பந்தைத் தொடவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதியைச் சுற்றினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் டவுன் பஸ்ஸில் ஏறினார். என் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. அவர் அருகில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வீரபாண்டி ஆட்கள் இருப்பார்களே என்று நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இறங்கும் இடம் வரைக்கும் அவர் உட்காரவே இல்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்தேன். மடையன்!

கடைசியில் கடையைச் சாத்திவிட்டு அவர் பிற்பாடு குடிமாறிப் போயிருந்த முதலிபாளையம் வீட்டுக்குப் போனேன். யாராவது குசுகுசுக்கப் போகிறார்கள் என்று குனிந்தபடி பந்தலுக்குள் போனேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "நீங்க எந்தக் கம்பெனிங்க?" என்றார். நான் பந்தாட்டத்தைச் சொன்னேன். "அண்ணன் பந்தெல்லாம் ஆடுவாருங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். சற்றுத் தள்ளி, நரைத்துப்போய், அந்தக் கேப்டன் உட்கார்ந்திருந்தார். நானே போய் அந்த ஃபைனலைச் சொன்னேன். "ஆமாங்க, மழை பேஞ்சுதல்லங்க! அதுல யாருங்க ஜெயிச்சாங்க, நாமளா?" என்றார். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

எங்கள் பேச்சைக் கேட்டு, உடலருகே உட்கார்ந்திருந்த துரைசாமியின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "காதர்பேட்டை பாய்ங்களா?" தலையாட்டினேன். "அந்தப் பேச்செல்லாம் எப்பவோ ஓஞ்சு போச்சுங்களே பாய். ஞாயித்துக்கெழம பட்டறை லீவுங்க. 'இன்னைக்குப் பாய் வந்தாலும் வருவாரு'ன்னு வாசலையே பாத்துட்டு இருப்பாருங்க. நீங்களே ஒரு எட்டுப் போய்ட்டு வாங்களேன்னா, 'வேண்டாம்னு சொன்னதே நான்தான, எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது'ம்பாருங்க." சொல்லிவிட்டு அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, துரைசாமியின் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் கிடையாது. சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு போட்டோகூட இல்லை. அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தாம் இருக்கின்றன. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் எனக்கும் கடை கிடையாது. வீட்டில் சும்மாதான் படுத்துக் கிடந்தேன்.