ராகு காலத்தில் போன பெயர்

ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவர்மீது கோபப்படுவது நியாயமில்லை. ஆனாலும் அந்தத் தறிக்காரர்மீதுதான் எனக்கு இன்றும் கோபம்.

சேலை விற்க வெப்சைட் வேண்டும் என்று சங்கரன்கோவிலில் உள்ள என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாட்ச்சைப் பார்க்காமல் டீயைக்கூட வாயில் வைக்கமாட்டார்.

காலமான தன் அப்பாவின் பெயரிலேயே டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, கேட்டார். தேடினேன். யாரும் எடுத்திருக்கவில்லை.

"உடனே பதிஞ்சிருவோம் அண்ணாச்சி. வேற யாரும் எடுத்துட்டா கிடைக்காது."

வாட்ச்சைப் பார்த்தார். "ராகு காலம் முடியட்டும்மா. அதுக்குள்ள எந் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருதேன். தறி, வீடு எல்லாம் பாகம் பிரிச்சாச்சு. அப்பா பேரு ரெண்டு பேருக்கும் பொதுல்லா?"

போனில் தம்பி ஸ்பெல்லிங்கைக் கேட்டான். இவர் என் ஸ்கிரீனைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராகு காலம் முடிந்ததும் மறுபடி தேடினேன். யாரோ எடுத்திருந்தார்கள். திகைத்துப்போய் அவர் தம்பியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நான்தாம்ணே எடுத்தேன். நானும் சேலைதான விக்கேன்? நீ வேற பேரு பாத்துக்கோ."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரிடே" என்று போனை வைத்தார். பிறகு, பழக்கத்தில், வாட்ச்சைப் பார்த்தார்.

"என்ன பேரு போட அண்ணாச்சி?"

"ஏதாவது ஒண்ணைப் போடும்மா. இப்ப நல்ல நேரம்தான்."