செல்லமுத்து அண்ணன் குடிக்கவில்லை

செல்லமுத்து அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர், அவரை ஒருநாளும் பார்த்திராத ஓர் இளம் டிரைவர். போன வாரம் காலை வண்டியைச் சேலத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டிக்கெட் ஆபீஸ் ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்: "ஆட்டையாம்பட்டியில ஒரு துக்கமுங்க. ஏரிக்கரையில வண்டியக் கவுத்தாரே, குடிகார டிரைவரு, அவரு போயிட்டாருங்களாம்." அவர் குரலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. இன்னாரென்று எனக்குப் புரிய வேண்டுமே என்று சொன்னார். அந்த ஊர்களில் பல வருஷமாக அண்ணனுக்கு அதுதான் அடையாளம்.

நான் இந்த ஆபீஸில் உட்காருவதற்கு முன்னால் அவரோடு கண்டக்டராக ஓடியவன். திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம். அந்தத் தடத்தில் பஸ் ஏறிய உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் குடிக்கவில்லை என்று அவர் உயிரோடு இருந்தபோது கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். போன பிறகு எழுதியும் வைக்கிறேன்.

அவர் வண்டிக்கென்று காத்திருந்து ஏறியவர்கள் உண்டு. முன்னால் வேறொரு வண்டி காலியாகப் போனாலும் கைகாட்ட மாட்டார்கள். மல்லசமுத்திரத்தில் ஓர் அம்மாள், தன் இரண்டு பெண் குழந்தைகளையும் துணையில்லாமல் எங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "செல்லமுத்து, பாத்து எறக்கி உடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தறிக்குப் போய்விடுவார். வண்டி அவர் பேச்சைக் கேட்கிறது என்று ஜனங்கள் புகழ்வார்கள். அண்ணனுக்கு அது பிடிக்காது. "அது எங்க எம் பேச்சக் கேக்குது? நாந்தான் அதும் பேச்சக் கேக்கறேன்" என்பார்.

அப்படிக் கேட்டுத்தான் ஒருநாள் ஸ்டீரிங் பக்கம் ஏதோ தட்டுகிறது என்று முதலாளியிடம் சொன்னார். ஆடிப் பண்டிகைக் கூட்டம் முடியட்டும், பிறகு வண்டியை நிறுத்திப் பார்க்கலாம் என்றார் முதலாளி. பண்டிகைக்கு முன்பே, ஆட்டையாம்பட்டிக்கு இந்தப்பக்கம் இருக்கும் ஏரிக்கரை வளைவில் ஸ்டீரிங் ராடு முறிந்தது. அண்ணன் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப வண்டி நேராகவே போய்க் கரையிலிருந்து வயல் பக்கம் உருண்டது. படியில் நின்றிருந்த நான் புல்லில் போய் விழுந்தேன். இளம்பிள்ளை ஊர்க்காரரான ஒரு நெசவாளி அங்கேயே முடிந்துவிட்டார். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் இழந்தோம்.

வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அண்ணனை வெளியே இழுத்தார்கள். நெற்றி பிளந்து நினைவில்லாமல் கிடந்தார். அவர் சட்டை முழுவதும் சாராய நாற்றம்.

எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்த புதிது அது. காவிரிக்கு அந்தப்பக்கம் கடை இருந்தது, இந்தப்பக்கம் இல்லை. ஆற்றைத் தாண்டி மறைத்துக் கொண்டுவருபவர்கள் எல்லாப் பஸ்ஸிலும் இருந்தார்கள். டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் யாரோ பையில் வைத்திருந்த சீசா உடைந்து அவர் முதுகில் கொட்டியிருக்கிறது. இது இன்று எனக்குத் தெரியும். அன்று அவரைத் தூக்கியவர்களுக்குத் தெரிந்தது நாற்றம் மட்டும்தான். ஒருவர் முகம் சுளித்து அடுத்தவரைப் பார்த்தார். அந்த இடத்திலேயே, அவருக்கு நினைவு திரும்புவதற்குள், அவர் பேர் போய்விட்டது.

கேஸ் நடந்தது. அவர் வாயில் சாராய வாசனை இல்லை, சட்டையில்தான் இருந்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சாட்சி சொன்னார். முறிந்த ராடைப் பார்த்த அதிகாரியும் பழுது வண்டியில்தான் என்றார். நானும் கூண்டில் ஏறி, காலையிலிருந்து அவரோடு இருந்தேன், அவர் மோரைத் தவிர எதையும் குடிக்கவில்லை என்றேன். கோர்ட் அவரை விடுதலை செய்தது. ஆனால் டாக்டர் பேச்சைக் கேட்டவர்கள் கோர்ட்டுக்குள் இருந்த சிலர். நாற்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மூன்று தாலுக்காவிலும் இருந்தார்கள். என் சாட்சியைப் பற்றி, கூடவே ஓடுகிறவன் வேறு எப்படிச் சொல்வான் என்று பேசிக்கொண்டார்கள்.

காயம் ஆறி அவர் வேலைக்குத் திரும்பிய நாளை நான் மறக்கமாட்டேன். திருச்செங்கோட்டில் வண்டி நிறைந்திருந்தது. அண்ணன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். முதலில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்து இறங்கினாள். அவளைப் பார்த்து ஒரு பெரியவர் இறங்கினார். பிறகு பெஞ்சு பெஞ்சாகக் காலியாயிற்று. தன் குழந்தைகளை நம்பி அனுப்பிய அந்த மல்லசமுத்திரத்து அம்மாளும் அன்று உள்ளே இருந்தார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். அண்ணன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே வந்தார்.

"நான் எறங்கிட்டேனுங்க. நீங்க ஏறிக்கோங்க. நேரமாச்சுது" என்றார்.

வேறு டிரைவர் வந்தார். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். அவர்மேல் தப்பில்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்று அன்று சாயங்காலம் முதலாளியிடம் கேட்டேன். "எனக்குத் தெரியுமப்பா. ஏறுறவங்களுக்குத் தெரியோணுமே" என்றார். குற்றம் குடியின் தலையில் இருக்கும்வரை ராடைப் பற்றி யாரும் தன்னைக் கேட்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அதற்குப்பின் அண்ணனுக்கு எந்த வண்டியும் கிடைக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணிவிடு, ஊர் வாய் அடங்கும் என்று அவருடைய மச்சான் வற்புறுத்தினார். பண்ணாத காரியத்துக்கு ஏன் சத்தியம் பண்ண வேண்டும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். அந்த மறுப்பையும் ஊர் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. அவர் மனம் எங்கே உடைந்தது என்பதை வெகுநாள் கழித்து ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் மனைவி பாவாயி அக்கா, சோறு போட்டுக்கொண்டே, "நெசமாவே அன்னைக்கு ஒரு வாய்கூடக் குடிக்கலீங்களா?" என்று கேட்டாராம். "ஊரு கேட்டது பெருசில்ல தம்பி. அவளும் கேட்டுட்டா" என்றார்.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடின. சேலத்தில் ஒரு ஷெட்டில் கரி சலித்துப் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. முகமெல்லாம் கரி படிந்திருந்ததால் பயணிகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அதனால் வேலையும் நீடித்தது. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஒரு ஜவுளி வியாபாரி வந்தார். பேரை எழுதப்போவதில்லை. விபத்தன்று டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்தவர் அவர்.

"செல்லமுத்து, அன்னைக்கு ஒடஞ்சது எம்பட சீசா. அப்பனுக்கு அது இல்லாட்டிக் கைநடுக்கம் நிக்காதுன்னு ஆத்துக்கு அக்கட்டால இருந்து வாங்கியாந்தேன்" என்றார். நாலு பேருக்குத் தெரிந்தால் தன் பேர் போய்விடும் என்றும், வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்றும் சொல்லி அழுதார்.

அண்ணன் சல்லடையை நிறுத்தவில்லை. "போங்க. நான் சொல்லமாட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வியாபாரி போனதும் அண்ணனோடு சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சொன்னா, காசு புடுங்கறதுக்காக அவரு தலையில போடறான்னு பேசுவாங்க. எம் பேரு வராது. அவரு பேரும் போகும். அவர நான் மன்னிக்கல தம்பி. ஆனா பேரு போறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அத இன்னொருத்தனுக்குப் பண்ண எனக்குக் கை வரல."

அண்ணனுடைய சாவுக்குக் கூட்டம் அதிகம் இல்லை. அந்த வியாபாரி பெரிய மாலையோடு வந்திருந்தார். என் பக்கத்தில் நின்றவர், "எத்தன பெரிய மனசுங்க அவருக்கு. ஒரு குடிகாரன் சாவுக்குக்கூட வந்திருக்காரு" என்றார். அண்ணன் குடிக்கவில்லை என்றேன். துக்கத்தில் பேசுகிறவனுக்குத் தலையாட்டுவதுபோல அவர் தலையாட்டினார். மேலே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் கொடுத்த வாக்கு எனக்கும் சேர்த்துத்தான்.

கரி ஷெட்டில் அண்ணன் இருக்கும்போது யாரும் யாரைப் பற்றியும் தாராளமாகப் பேச முடியாது. பேச்சைக் கொஞ்சம் ஓடவிட்டு, கோபமில்லாமல், "நீங்க பாத்தீங்களா?" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். சாவுக்குப் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேர், அந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் வாத்தியாரம்மாளைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் முன்னால் குனிந்து, நீங்க பாத்தீங்களா என்று கேட்டேன். இல்லீங்க, எல்லாரும் சொல்றாங்க என்றார் ஒருவர். அடுத்த ஊர் வரும்வரை இருவரும் பேசவில்லை. அங்கே ஏறிய மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்ததும், அவரிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.